ஒரே வாரத்துக் கூட்டம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய நான்கு பாடல்களும் வந்து சேர்ந்தன. மூன்றாவது பாடலில் கிடார் ஓய்ந்து பேஸ் கிடார் மட்டும் தனியே நடந்து வரும் இடத்தை நேற்றிரவு எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. உன் கை இன்னும் தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்தித்தான் விழுகிறது. நான் உன்னோடு டிரம்ஸ் வாசித்த காலத்தில் எரிச்சலூட்டிய அதே பழக்கம் இப்போது அழகாகத் தோன்றுகிறது.

பெரிய இசை நிறுவனம் எதனிடமும் ஒப்பந்தம் செய்யாமல், வாரந்தோறும் விற்பனையைக் கணக்கிட்டு வெளியாகும் பிரிட்டிஷ் பாடல், ஆல்பத் தரவரிசைக்குள் நுழைய முடியுமா என்று கேட்டிருந்தாய். நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். கடைகளில் சிடி வெளியாகாவிட்டாலும் பதிவிறக்கங்களைக் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதி 2007 ஜனவரியில் வந்தது. அதே மாதம் எசெக்ஸைச் சேர்ந்த கூபா என்ற மூவர் குழு, ஒப்பந்தம் எதுவுமின்றிப் பதிவிறக்க விற்பனையை மட்டும் கொண்டு 31-ஆம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு மார்ச்சில் என்டர் ஷிகாரி என்ற ராக் குழுவினர் தங்கள் சொந்த லேபிளில், அதாவது சொந்த வெளியீட்டு நிறுவனத்தில், வெளியிட்ட முதல் ஆல்பம் 4-ஆம் இடத்துக்கு வந்தது. அதற்குமுன் ஊர் ஊராக இடைவிடாமல் மேடையேறித் திரட்டிய ரசிகர்களே அதற்குக் காரணம். மரில்லியன் ராக் குழு 2001-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு 12,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்கூட்டியே பணம் கட்டினார்கள் என்பதையும் நீ அறிவாய். ஆனால் அவர்களுக்கு 1980-களில் ஒரு பெரிய நிறுவனம் தேடித்தந்த புகழ் கையிருப்பில் இருந்தது. அவர்களை முன்னுதாரணமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நீ சிங்கிள், அதாவது ஒற்றைப் பாடல், தரவரிசையைக் குறிவைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. 2018-இல் வந்த விதிப்படி, இணையச் செயலிகளில் சந்தா கட்டிக் கேட்பவர்களின் 100 கேட்புகள் ஒரு சிங்கிள் விற்பனைக்குச் சமம். விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 600 வேண்டும். வானொலியும் பெரிய பாடல் பட்டியல்களும் கைவசம் உள்ளவர்களோடு அந்த ஆட்டத்தில் நீ மோத முடியாது. ஆல்பத்தின் கணக்கே வேறு. அங்கே ஒரு விற்பனைக்கு ஈடாகச் சந்தாக் கேட்புகள் 1,000 தேவை. அதாவது உன் ரசிகர்கள் ஐந்நூறு பேர் ஆளுக்கொரு எல்பி இசைத்தட்டு வாங்கினால், அது ஐந்து லட்சம் கேட்புகளின் எடையைப் பெறுகிறது. கூட்டம் சிறிதாயினும் பற்று மிகுந்த ரசிகர்களைக் கொண்ட குழுவுக்கு இதைவிடச் சாதகமான விதி கிடையாது. முன்பதிவுகளும் வெளியீட்டு வாரத்துக் கணக்கில் சேர்வதால், எல்பிகள் அச்சாகி உன் கைக்கு வந்த பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவி. இசைத்தட்டு அச்சிடும் ஆலையை நம்பி நாள் குறித்தவர்கள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேதியைப் பற்றி இன்னொன்று. தரவரிசை வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிகிறது. நாம் பிரிந்தபின் நான் சேர்ந்த குழுவின் பாடலை விநியோகித்த நிறுவனத்தார் தேதியைத் தவறாகப் பதிந்ததால், அது புதன்கிழமையே விற்பனைக்கு வந்துவிட்டது. வேனுக்குள் கைபேசியைச் சுற்றி ஐந்து பேரும் தலையை முட்டிக்கொண்டு, எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு ஆரவாரித்தோம். முடிகிற வாரத்தில் பாதியும் தொடங்குகிற வாரத்தில் பாதியுமாக எங்கள் ரசிகர்கள் பிரிந்துபோனதும், இரண்டு வாரங்களிலும் நாங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றதும் பிறகுதான் புரிந்தது. விநியோகப் படிவத்தில் உள்ள தேதியை நீயே உன் கண்ணால் பார்த்துவிடு. கச்சேரி முடிந்து மேசைபோட்டு விற்கும் பிரதிகள், கணக்கெடுக்கும் அமைப்புக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டால்தான் சேரும் என்பதையும் இப்போதே விசாரித்து வை.

இரண்டாம் வாரத்தில் பட்டியலிலிருந்து சரியப்போவது ஏறக்குறைய நிச்சயம். வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே வாங்கிவிட்டிருப்பார்கள். அதனால், ஏறிய இடத்தைச் சொல்லி அடுத்த கச்சேரிகளைப் பேசி முடிக்கும் வேலையை அந்த முதல் வாரத்துக்குள்ளேயே செய்துவிடச் சொல்வேன்.

உன் பிடிவாதக்காரப் பாடகர் சிங்கிளையே விரும்புகிறார் என்று எழுதியிருந்தாய். ஐந்நூறுக்கும் ஐந்து லட்சத்துக்குமான அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வை. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய டிரம்ஸ்காரன்