நிலாவெளி வீதியில் அரை மணி நேரம்

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருகோணமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளிக் கடல் மூன்றும் தவறுவதில்லை. நிலாவெளிக்குப் போகிற வழியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. நம் பஸ்கள் அதைக் கடந்துதான் போகின்றன. அங்கே அரை மணி நேரம் நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன முறை மகளின் வகுப்போடு நானும் போனேன். கெஞ்சிக் கேட்டுத்தான் இறங்கினோம். பிள்ளைகள் முதலில் புல்லில் ஓடித் திரிந்தார்கள். அப்புறம் ஒரு பையன் ஒரு கல்லின் முன் குந்தியிருந்து, எழுத்துகளை விரலால் தடவிப் படித்தான். “ரீச்சர், பத்தொன்பது வயசாம். எங்கட அண்ணாவுக்கும் அதுதானே.” அதற்குப் பிறகு ஒருவரும் ஓடவில்லை. கல் கல்லாகப் போய் வயதைப் பார்த்தார்கள்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அந்தக் கற்களுக்கு நடுவில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது. இன்னொன்றையும் காட்டுங்கள்: அதிகாரிக்கும் சாதாரண மாலுமிக்கும் அங்கே ஒரே மாதிரிக் கல்தான். 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழு விடாமல் காத்துவரும் வழக்கம் அது.

திரும்பி வரும்போது கோப்பாயைப் பற்றிக் கேட்பார்கள். என் மகள் கேட்டாள். புலிகளின் போராளிகளைப் புதைத்த அங்கிருந்த மாவீரர் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, 2011இல் அந்த நிலத்தில் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. மாவீரர் நாளான நவம்பர் 27இல் தாய்மார் வீதியோரத்தில் விளக்கேற்றுகிறார்கள். தன் பிள்ளை எத்தனையாவது வரிசையில் கிடந்தான் என்று அவர்களுக்கு இன்னும் மனப்பாடம்.

அந்தக் கேள்விக்குப் பயந்து பஸ்ஸை நிறுத்தாமல் விடாதீர்கள். பலாலியில் இந்திய அமைதிப் படையினருக்கு நினைவிடம் இருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும். போரில் காணாமல் போன சிப்பாயின், தெற்கில் இருக்கும் தாய்க்கும் மகன் பெயரைத் தொட்டுப் பார்க்க ஒரு கல் வேண்டும். நம்முடைய தாய்மார் கேட்பதும் அதையேதான். இதைப் பிள்ளைகளிடம் சொல்வதில் என்ன தவறு?

நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயரையும் வயதையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். அந்தப் பையன் எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
தரம் 8 மாணவி ஒருத்தியின் தாய்,
யாழ்ப்பாணம்