மூன்றா, நான்கா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்ததை வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குத்தான் முழங்கால் வலி. மாடி ஏற முடியாமல் டியூஷனைத் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

அவள் கேட்டதற்கு வருகிறேன். √(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு என்று 1911-ல் இந்தியக் கணிதச் சங்க இதழில் ராமானுஜன் கேட்டார். யாரும் விடை அனுப்பாததால் அவரே 3 என்றார். 3=√(1+2×4), 4=√(1+3×5), 5=√(1+4×6)… பிரித்துக்கொண்டே போனால் வந்துவிடுகிறது, இதற்கு மேல் என்ன நிரூபணம் என்கிறாளாம்.

அதே வித்தையை 4-க்குச் செய்யச் சொல். 4=√(1+2×7.5). அந்த 7.5-ஐ √(1+3×18.4…) என்று எழுதலாம். இதுவும் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அப்படியானால் விடை 4 என்றும் சாதிக்கலாமே! கடைசியில் போடும் ‘…’ புள்ளிகளை நம்பி ஏமாறக் கூடாது.

ஏதாவது ஒரு படியில் நிறுத்தி, மிச்சமுள்ள வாலை வெட்டிவிட்டு அங்கே 1 போட்டு, மதிப்புகளை எழுதிப் பார்க்கட்டும்: 1, 1.732, 2.236, 2.560, 2.755. ஏறுகிறது. வெட்டிய இடத்தில் உண்மையான எண்ணைவிடச் சின்னதைப் போடுகிறோம், அதனால் 3-ஐத் தாண்டாது. ஏறும் தொடர்முறைக்கு மேல்வரம்பு இருந்தால் அது ஒருங்கும், அதாவது ஏதோ ஒரே எண்ணை நெருங்கிக்கொண்டே போகும் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் 2.9-லேயே நின்றுவிட்டால்?

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். √(1+2×4)-ல் 4-க்குப் பதில் 1 போட்டால் 1.732. அடுத்த படியில் 5-க்குப் பதில் 1, அதற்கடுத்து 6-க்குப் பதில் 1. பத்தாவது படியில் 13-க்குப் பதில் 1. உள்ளே பதின்மூன்று மடங்கு குறை. ஆனால் ஒவ்வொரு மூலக்குறியைத் தாண்டும்போதும் அந்த மடங்கு தன் வர்க்கமூலத்துக்கு மேல் போகாது. பத்து மூலம் தாண்டி வெளியே வந்தால் மிஞ்சுவது அதிகபட்சம் 13-ன் 1024-ஆம் மூலம், ஏறக்குறைய 1.0025. படி கூடக்கூட அது 1-ஐ நெருங்கும். ஆக எல்லை 3-தான். 4-ன் வாலோ 7.5, 18.4, 84.5, 1429 என்று தலைதெறிக்க ஓடுகிறது. மூலங்களால் அதை அமுக்க முடியாது.

ராமானுஜன் தந்த தீர்வில் இந்தப் பகுதி இல்லை. இப்படி அடுக்கு மூலங்கள் எப்போது ஒருங்கும் என்பதற்குப் பொதுவான விதியைப் பின்னால் திருக்கண்ணபுரம் விஜயராகவன் கொடுத்தார். சென்னை ராமானுஜன் நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் அவர்தான்.

தீபாவளிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. எண்களை மாற்றி இன்னொரு கணக்கு வைத்திருக்கிறேன், அதை நீயும் போடவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்