25.4 போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எனக்கு மூட்டுவலி விட்டபாடில்லை. ஆனாலும் மாலை நடையை நான் விடவில்லை.

அலமாரி வரைபடம் பாதி இன்ச்சிலும் பாதி மில்லிமீட்டரிலும் இருப்பதால் உன் மகன் திண்டாடுகிறான் என்று எழுதியிருந்தாய். அவனை ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்: 1 இன்ச், 25.4 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு தசமம் எதுவும் கிடையாது, அவ்வளவேதான். முன்பு அமெரிக்க இன்ச்சும் பிரிட்டிஷ் இன்ச்சும் மயிரிழை வேறுபட்டிருந்தன. 1959-இல்தான் ஆறு நாடுகள் கூடிப் பேசி, ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. கஜத்துக்கு 36 இன்ச், ஆகவே அதை மில்லிமீட்டராக்கி 36-ஆல் வகுத்தால் இந்த 25.4 வந்துவிடும். 12-ஆல் பெருக்கினால் அடிக்கு 304.8.

வரைபடத்தில் 2 அடி 5 இன்ச் 3 நூல் என்று இருந்தால், முதலில் எல்லாவற்றையும் இன்ச்சாக்கட்டும். இன்ச்சுக்கு 8 நூல், ஆகவே 29.375. அதை 25.4-ஆல் பெருக்கினால் 746.125 மி.மீ. சுலபமாக இருக்கட்டும் என்று 25-ஆல் பெருக்கினால் 734-தான் வரும். கிட்டத்தட்ட 12 மி.மீ. போய்விட்டதே! பலகையை அறுத்த பிறகு அதை எங்கே போய்த் தேடுவது? முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்தால் போதும்.

இன்னொன்று, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 5 அடி 7 இன்ச்சை 5.7 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுகிறார்கள். 5 அடி 7 இன்ச் 170.2 செ.மீ.; 5.7 அடியோ 173.7 செ.மீ. அடிக்கு 12 இன்ச் என்பதால் புள்ளி வைத்து எழுதவே கூடாது. ஒரு மீட்டர் 3.28 அடி என்றாலும் பரப்பளவுக்கு அந்த எண் செல்லாது; ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி.

மைல் கணக்குக்கு நான் மனசுக்குள் வைத்திருப்பது 5 மைலுக்கு 8 கிலோமீட்டர், 8 மைலுக்கு 13. நடக்கும்போது போட்டுப் பார்க்க அது போதும், மரவேலைக்கு ஆகாது.

அறுப்பதற்கு முன்னால் அளவுத் தாளை எனக்கு அனுப்பச் சொல். நானும் ஒரு தடவை சரிபார்த்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்