வெள்ளம் ஏறிய மட்டத்தை ஊருக்குள் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளைப் படித்து வருகிறேன். மணல் மூட்டை, மோட்டார், முகாம் என்று எல்லாம் வருகின்றன. இதற்கு முன் அந்தந்த ஊரில் மழையும் காற்றும் என்ன செய்துவிட்டுப் போயின என்பதுதான் வருவதில்லை. அதைக் கேட்டு எழுத ஊருக்குள் ஒரு பதிவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் மதுரை மாவட்டத்தில் வைகைக் கரையில் உள்ள சோழவந்தான் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன்.

புயலோ வெள்ளமோ ஓய்ந்ததும் பயிர்ச் சேதக் கணக்கு எடுப்பது எங்கள் வேலை. சர்வே எண், பட்டாதாரர் பெயர், பயிர், சேத சதவீதம். 33 சதவீதத்துக்குக் குறைந்தால் நிவாரணம் இல்லை. 2015க்கு முன் அதுவே 50 சதவீதம். கணக்கு பிர்க்கா, தாலுகா, கலெக்டர் ஆபீஸ் என்று மேலே போகும். பணம் பட்டுவாடா ஆனதும் கோப்பு முடிந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறியது, கண்மாய்க் கரை எந்த இடத்தில் உடைந்தது, வடிய எத்தனை நாளானது என்று எழுத அதில் கட்டமே கிடையாது. எங்களுக்கு முந்தைய கர்ணம், மணியக்காரர்களுக்கு இதெல்லாம் வாய்க்கணக்காகவாவது தெரிந்திருந்தது. 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை அரசு எடுத்தது. எடுத்தது சரியான காரியம். ஆனால் அவர்கள் மனதில் இருந்த மழைக்கணக்கையும் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

1964இல் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1993 நவம்பரில் வைகை பெருகி வந்தபோது தங்கள் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்று கேட்டால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களில் சிலருக்குத்தான் தெரியும். அவர்களும் இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள்?

எங்கள் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். வைகை அணை 71 அடி. நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் அணைக்குக் கீழே மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில் வந்து சேர்கின்றன. இரண்டும் பழனி மலைத்தொடரில் பிறப்பவை. அந்த மலையில் ஒரு ராத்திரி விடாமல் கொட்டினால், வைகை அணையில் ஒரு மதகும் திறக்காமலே எங்கள் பாலத்தடியில் தண்ணீர் ஏறிவிடும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் வழியாகத்தான் மேற்கே போனது. அணை மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படிப்பட்ட நாளில் நாம் ஏமாந்துபோவோம். எந்த மலையில் மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் இங்கே ஆறு கலங்கி வரும் என்பதைப் பழைய வெள்ளங்களிலிருந்துதான் கற்க முடியும்.

வெள்ளத்தைப் பற்றியே பேசுகிறோம், வறட்சியை அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இந்த மண்ணின் பெரிய சாவு தாது வருஷப் பஞ்சத்தில் நடந்தது, 1876 முதல் 1878 வரை. அதன் பிறகுதான் பெரியாறு அணைத் திட்டம் வேகம் பிடித்து 1895இல் தண்ணீர் கிழக்கே திரும்பியது. எங்களுக்கு மேலே வைகையின் குறுக்கே இருக்கும் பேரணையிலிருந்து மேலூர் வரை கால்வாய் போனது. அண்மைக் காலத்தில் 2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அதுபோன்ற ஆண்டுகளில்தான் அடுத்த வெள்ளத்துக்கான கேடு தொடங்குகிறது. கண்மாய் மூன்று நான்கு வருடம் தொடர்ந்து காய்ந்தால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வண்டிப்பாதையாகும், பிறகு தார் ரோடாகும். கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் வழியும் கலிங்குக்குக் கீழே, அந்த மறுகால் தண்ணீர் ஓடிய பள்ளம் மனைகளாகும். வாங்குகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். அவர் வந்து பார்த்த அன்று அங்கே கருவேல முள்தான் நின்றது. அவருக்கு யார் சொல்வது? பத்திரத்திலும் இல்லை, பட்டாவிலும் இல்லை.

2024 அக்டோபர் 25இல் மதுரை நகரம் பட்ட பாட்டை நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். பிற்பகலில் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ., அன்று மொத்தம் 9.8 செ.மீ. செல்லூர்க் கண்மாயிலிருந்து வந்த தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகையில் விழ இடமில்லாமல் வீடுகளுக்குள் போனது. நகரம் என்பதால் அது தலைப்புச் செய்தி. சின்ன ஊரில் நடந்தால் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி.

அந்த நான்கு வரிகூட வராத சேதம் ஒன்று உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு அடிக்கும் சூறைக்காற்று. எங்கள் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலைக் கொடி அகத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அரை மணி நேரக் காற்றில் அகத்தி சாய்ந்தால் கொடிக்கால் என்னும் வெற்றிலைத் தோட்டம் மொத்தமும் தரையில் கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கடன் வாங்கிக் கொடிக்கால் போட்ட குடும்பம் மறுபடி எழ வருடக்கணக்காகும். புயலுக்காவது ஒரு பெயர் வைக்கிறார்கள். இந்தக் காற்று வந்த தேதியைக்கூட யாரும் குறித்து வைப்பதில்லை.

வைகை உடைப்பெடுத்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஓர் ஆள் வர உத்தரவிட்டு, கரையைப் பங்கு போட்டு அளந்துவிட்டதாகத்தான் நம் ஊர்க் கதை. வந்திக் கிழவியின் பங்குக்குச் சொக்கநாதர் பிட்டு வாங்கித் தின்று மண் சுமந்தார். ஆவணியில் இன்றைக்கும் அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். கரையில் எந்தப் பங்கு யாருடையது என்று கணக்கு வைத்த ஊர் நம்முடையது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பேரூராட்சிகள் தங்கள் எல்லையில் வெள்ளம் ஏறிய இடங்களை இப்போது இருக்கும் பெரியவர்களைக் கேட்டு அடையாளம் கண்டு, பாலத்தூணிலும் பள்ளிச் சுவரிலும் கலிங்கிலும் ஆண்டோடு கோடு போட்டு வைக்கட்டும். பஞ்சாயத்து, பேரூராட்சி அலுவலகங்களில் ஒரு பேரேடு இருக்கட்டும். காய்ந்த ஆண்டும் உடைந்த கரையும் சாய்ந்த கொடிக்காலும் அடுத்தடுத்து அதில் ஏறட்டும். மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்டு வருகிற மேஜையில் அந்தப் பேரேடு விரிக்கப்பட வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சோழவந்தான், வாடிப்பட்டி, சாத்தையாறு, பேரையூர் என்று மழையளவுப் பட்டியல் போடுகிறீர்களே, டிசம்பர் முடிந்ததும் ஒவ்வோர் ஊரின் ஆண்டு மொத்தத்தையும் முந்தைய பத்தாண்டுகளின் அளவையும் சேர்த்து ஒரு பக்கம் வெளியிடுங்கள். பேரேட்டின் முதல் தாளாக அதையே ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
சோழவந்தான்.