சோதித்த பிறகே காயிலை மாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையின் மெக்கானிக் ஷெட்டுகளில் பழைய பெட்ரோல் கார்கள் வரிசையாக நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். 'வண்டி மிஸ்ஸிங் ஆகிறது, பிக்கப் இல்லை' என்று வரும் அந்த வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையான கோளாறு, பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலில்தான் இருக்கிறது. அதைச் சோதிக்காமலேயே மாற்றுவதும், அது கெட்டிருக்கும்போது அதை விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் மாற்றுவதும், புதிதாகப் போட்ட காயில் சில நாள்களில் செயலிழந்தால் 'எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு கியாரண்டி கிடையாது' என்று கைவிரிப்பதும் இந்நகரில் வழக்கமாகிவிட்டன. இது மாற முடியும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட் தேவை. இருபதாயிரத்தைத் தாண்டியும் தரவல்லதாகக் காயில் இருக்க வேண்டும். காயிலின் இரும்பு மையத்தைச் சுற்றித் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும், மிக மெல்லிய கம்பியில் அதைப்போல் நூறு மடங்கு அளவிலான சுற்றுகளும் உள்ளன. தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படும்போது காந்தப்புலம் சரிந்து, மெல்லிய கம்பியில் அந்த உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து உள்ளே இருக்கும் காப்புப் பொருள் வெடிப்பு விட்டால், மின்சாரம் பிளக்கைச் சேராமல் குறுக்கே கசிந்துவிடும்.

வீட்டு வாசலில் சீராக ஓடும் கார் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் குலுங்குவதற்குக் காரணம் இதுவே. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று அதிகமாக நுழைந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி பாய்வதற்கு மேலும் அதிக வோல்ட் வேண்டும். நலிந்த காயிலால் அதைத் தர இயலாது. நன்றாகச் சூடேறியதும் நின்றுபோய், ஆறிய பிறகு ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும் வண்டியிலும் காயில் ஐயத்துக்குரியதே. ஆனால் இன்ஜினின் சுழற்சியை வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சார் கெட்டாலும் வண்டி இதேபோல்தான் நடந்துகொள்ளும் என்பதால், அறிகுறியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், நான் நம்ப மாட்டேன். புகைச் சோதனையில் தேறியதும் ஒரு சான்றாகாது. பெட்ரோல் வண்டியின் புகை நின்ற இடத்தில் ஐட்லிங்கில் பார்க்கப்படுகிறது, ஏற்றத்தில் மட்டும் தலைகாட்டும் கோளாறு அங்கே வெளிப்படுவதில்லை.

என் காரையே எடுத்துக்கொண்டால், நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் முதலில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள். அதன்பின் பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பில் ஆயிரக்கணக்கில் வந்தது. காயிலை யாரும் தொடவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற விளக்கம் மட்டும் இலவசமாகக் கிடைத்தது. 20 சதவீத எத்தனால் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களைப் பாதிக்கலாம் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பெட்ரோலில் குறை என்றால் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்தே தடுமாறும். ஒரு சிலிண்டரோ, ஒரு ஜோடியோ மட்டும் வேலை செய்யாமல் போனால் பார்வை முதலில் பொறியின் பக்கம் திரும்ப வேண்டாமா?

அப்படித் திரும்பினால் சோதனை எளிது. மாருதியின் கே-சீரிஸ் இன்ஜின் போன்றவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. ஸ்கேன் கருவியில் பி0302 என்ற குறியீடு வந்தால் இரண்டாவது சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று பொருள். அது காயில்தான் கெட்டது என்று சொல்லவில்லை. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி வண்டியை ஓட்டிப் பார்த்தால், கோளாறு பி0303 என இடம் பெயர்ந்தால் குற்றவாளி காயில். பெயராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், ஒயரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் சில நிமிடங்களும் போதும். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஐகான் போன்ற கார்களில் காயில் பேக் ஒன்றே ஒயர்கள் வழியாக நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரம் அனுப்பும். ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் மற்றொரு ஜோடி. ஜோடி முழுவதும் செத்திருந்தால் பெரும்பாலும் காயில் பக்கம்தான் கோளாறு. ஜோடியில் ஒன்று மட்டும் தவறினால் அதன் ஒயரையும் பிளக்கையும் முதலில் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்ப்பதும் நல்லதே, ஆனால் ஆறிய காயில் சரியான அளவைக் காட்டிவிட்டுச் சூட்டில் ஏமாற்றும். ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால்தான் பயன். பிளக் ஒயரை உருவி, பாடியின் அருகே பிடித்துப் பொறி பார்க்கும் பழைய பழக்கத்தை எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளில் அறவே கைவிட வேண்டும். அது பிடிப்பவருக்கும் ஆபத்து, வண்டியின் கம்ப்யூட்டருக்கும் கேடு.

அம்பாசிடர், பத்மினி வைத்திருப்போருக்குத் தனியாக ஒரு செய்தி. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட், அதற்குத் துணையான கண்டென்சர் உள்ள அந்த வண்டிகளில் எந்த உருளைக் காயிலும் பொருந்தும் என்று கடைகளில் சொல்வார்கள். உருவம் பொருந்தும், ஓம்ஸ் பொருந்த வேண்டுமே! மூன்று ஓம்ஸ் காயிலில் 12 வோல்ட்டுக்கு நான்கு ஆம்பியர் ஓடும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பேலாஸ்ட் ரெசிஸ்டருடன் பயன்படுத்த வேண்டிய ஒன்றரை ஓம்ஸ் காயிலை அந்த ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் எட்டு ஆம்பியர் ஓடிப் பாயிண்ட்டைத் தீய்த்து, காயிலையும் கொதிக்க வைத்துவிடும். இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் விட்டுவைப்பதும் இவ்வண்டிகளின் காயிலுக்கு எமன்.

புதுக் காயில் போட்டும் மீண்டும் மீண்டும் கெடுகிறது என்போர், பழையது ஏன் கெட்டது என்று கேட்டிருக்க மாட்டார்கள். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், ஒவ்வொரு பொறிக்கும் காயிலைக் கூடுதலாக வருத்துகிறது. ஆகவே காயிலோடு பிளக்குகளையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுவது சிக்கனமே. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிந்து பிளக் குழியில் ஆயில் தேங்கினால் காயிலின் ரப்பர் உறை ஊறிக் கெடும். தண்ணீர் இன்னொரு காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வெயில் காலத்திலும் வாட்டர் சர்வீஸ் என்ற பெயரில் இன்ஜின் மீது நேரடியாகப் பீய்ச்சியடிக்கும் நீர் பிளக் குழிகளில் தங்கி அதே வேலையைச் செய்கிறது. காயில் செத்த நிலையில் 'இன்னும் சில நாள் ஓட்டலாம்' என்று ஓட்டுவதோ மிகவும் விலை உயர்ந்த சிக்கனம். சென்னையில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் அதன் உட்புறமே உருகிப் போகும். அதன் விலையோடு ஒப்பிட்டால் காயிலின் விலை ஒன்றுமே இல்லை.

மாட்டும் வேலை பெரிதன்று. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கனெக்டரின் பூட்டை உடைக்காமல் எடுக்க வேண்டும்; பழைய வண்டிகளில் அந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நொறுங்கும் நிலையில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிபாகங்களும் புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்களும் கிடைப்பதை நகரமே அறியும். புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் வாங்குவது சரி. காயிலை மட்டும் அங்கே வாங்காதிருப்பது நல்லது, ஏனெனில் அதன் நோய் வெளியே தெரியாது. புதிய காயில் விற்கும் கடைகளிலோ, மின்சார உதிரிபாகங்கள் திரும்பப் பெறப்பட மாட்டா என்ற பலகை தொங்குகிறது. கடைக்காரரின் அச்சம் எனக்குப் புரிகிறது. தவறாக ஒயரிங் செய்து கருக்கிய காயிலை மறுநாள் கொண்டுவந்து நீட்டுவோரும், ஐயம் தீர்வதற்காகப் புதுக் காயிலை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வரும் மெக்கானிக்குகளும் உண்டு. அதற்காக உண்மையிலேயே குறைபாடுள்ள பொருளை வாங்கியவர் நட்டப்பட வேண்டும் என்பது எந்த நியாயம்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறைகளாகவே வரையறுத்திருக்கிறது. சுவரில் தொங்கும் பலகை சட்டத்தைவிடப் பெரிதாகிவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இதற்காகப் புகார் செய்யலாம்.

ஆனால் புகார் வரை போகாமல் முடிக்கவும் வழி உண்டு. விற்கும்போதே வாங்குபவர் முன்னிலையில் மல்டிமீட்டரை வைத்து, பிரைமரி (தடித்த கம்பி), செகண்டரி (மெல்லிய கம்பி) இரண்டின் ஓம்ஸையும் அளந்து பில்லில் எழுதித் தரலாம். அளக்க இடம் தராத வகைக் காயில் என்றால் அதையும் குறிப்பிடலாம். பட்டறைகள், எந்தச் சோதனையால் காயில் கெட்டதென்று முடிவுசெய்தோம் என்பதை ஜாப் கார்டில் ஒரு வரி எழுதி, கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடமே ஒப்படைக்கலாம். இவ்விரண்டையும் தங்கள் உறுப்பினர்கள் கடைப்பிடிக்குமாறு உதிரிபாக வணிகர் சங்கங்களும் பட்டறை உரிமையாளர் சங்கங்களும் இந்த மழைக்காலம் தொடங்கும் முன்பே அறிவுறுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் உரிமையாளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.