பித்தளையைச் சுரண்ட மறுத்தவருக்கு

குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்து நாடகக் கலைஞர்களுக்கும், அம்மாவின் பாட்டை விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் வணக்கம்.

நாடக மேடைப் பாடகியான அம்மாவின் குரலோடு சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) சேர்த்து நாங்கள் செய்த ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் முடிந்துவிட்டன. கடைசிப் பாட்டின் மிக்ஸிங் நேற்று இரவு இரண்டரை மணிக்கு முடிந்தது. விடிவதற்குள் மூன்று படி எடுத்தாயிற்று: ஒன்று கணினியில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று காட்பாடியில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில். மூன்று எதற்கு என்று இந்த ஊரில் இனி யாரும் கேட்கமாட்டார்கள். பதிவுகள் தொலைந்துபோன அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நீங்களே பேசித் தீர்த்துவிட்டீர்கள், இங்கே அது வேண்டாம். அதற்குப் பிறகு பதினோரு இரவில் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி பாடினார் அம்மா. அந்தப் பதினோரு இரவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு பெரியவர். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டிக்காரப் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். பெட்டி என்றால் ஆர்மோனியம். நாடக செட்டுகளின் கால் பெட்டிகளையும் பஜனை மடங்களின் கைப்பெட்டிகளையும் பழுது பார்ப்பவர். அவரை வரச் சொன்னது, அம்மாவின் பழைய செட்டு ஆர்மோனியத்தில் எலி கடித்த துருத்திக்கு ஒட்டுப் போட. அரை மணி நேர வேலை.

அப்போது மூன்று இரவு கழிந்திருந்தது, ஒரு பாட்டும் தேறவில்லை. அம்மாவின் குரலைத் தனியாகக் கேட்டால் சுத்தம். சிந்தசைசரைத் தனியாகக் கேட்டால் அதுவும் சுத்தம். சேர்த்துக் கேட்டால் புளித்தது. தொலைந்துபோன பழைய பதிவுகளிலும் இதே புளிப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது சுருதி திருத்தும் மென்பொருளைப் போட்டு அமுக்கிவைத்திருந்தோம். ஆட்டோ-டியூன் 1997இல் சந்தைக்கு வந்தது. நேராக நிற்கும் சுரத்துக்கு அது உதவும். காந்தாரத்தை அசைத்து மத்திமத்தைத் தொட்டுத் திரும்பும் கமகத்தை அதனிடம் கொடுத்தால் எதில் நிற்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே தாவும். வழுக்க வேண்டிய இடம் படிக்கட்டாகிவிடும். திருத்தும் வேகத்தைக் குறைத்தால் படிக்கட்டு மறையும், புளிப்பு திரும்பி வரும்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து துருத்திக்குப் பசை காயக் காத்திருந்தார். கதவு வழியாகப் பாட்டு கேட்டிருக்கிறது. உள்ளே வந்தார். கணினியில் மேல் ஷட்ஜத்தை மட்டும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பெட்டியில், அம்மா பாடும் சுருதியான நாலு கட்டைக்கு, அதே மேல் ஷட்ஜத்தை அழுத்தினார். இரண்டும் சேர்ந்து வந்தபோது பெட்டி மூடியில் விரலால் தட்டினார், வேகமாக, சீராக. நொடிக்கு ஐந்து தட்டு.

"இன்னாப்பா இது, ரெண்டும் சண்டை போட்டுனு கீது. அம்மா பொட்டியோட போறாங்க, உங்க மிசினு தனியா போவுது."

அளந்து பார்த்தால் அவர் விரல் சொன்னதே கணக்கு. மேல் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு) என்பது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1955இல் பரிந்துரைத்த எண். கணினியில் இருக்கும் ஏறத்தாழ எல்லா இசை மென்பொருளும் அதை வைத்துத்தான் கண் திறக்கிறது. அந்தக் கணக்கில் நாலு கட்டையின் மேல் ஷட்ஜம் 349.2 ஹெர்ட்ஸ். பெட்டியில் அது 354. வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து, அதனால் நொடிக்கு ஐந்து அலை, அதாவது ஒலி ஐந்து முறை ஏறி இறங்கும். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 23 பங்கு. காதில் 'தப்பு' என்று விழாது, 'ஏதோ சேரவில்லை' என்று மட்டும் விழும். அதனால்தான் மூன்று இரவும் குரலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். ஆயுசு முழுக்க அந்தப் பெட்டியோடு பாடிய குரல் வேறு எங்கே போய் நிற்கும்?

அடுத்து நாங்கள் கேட்டது அபத்தமான ஒன்று. பெட்டியின் ரீடுகளை எல்லாம் 440க்கு இறக்கித் தர முடியுமா என்று கேட்டோம். விரலால் அழுத்தும் கட்டை 37, கட்டைக்கு இரண்டு ரீடு, ஆக 74 பித்தளை நாக்கு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணி அடித்த அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். நல்ல கூலி வரும் வேலை. அவர் மறுத்துவிட்டார்.

"பித்தளைய சொரண்டிட்டா திரும்ப ஒட்ட வெக்க முடியாது நைனா. உங்க மிசின்ல ஒரு நம்பரு தானே? அத்த மாத்து."

இந்த மடலை எழுத வைத்தது இந்த ஒரு மறுப்பு. கையில் வந்த கூலியை வேண்டாம் என்றதோடு விடவில்லை. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை, ஒவ்வொரு கட்டையாக, ஒரே சீராகக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். துருத்தியின் அழுத்தம் ஏறி இறங்கினால் ரீடின் சுருதியும் லேசாக ஆடும், அளவு பொய்யாகிவிடும். கட்டைக்குப் பத்து நொடி, மூன்று முறை. கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களின் முதுகில் 37 எண்களையும் எழுதினோம். துருத்தி ஒட்டியதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

அந்தத் தாள்களில் இன்னொன்றும் இருந்தது. எல்லாக் கட்டையும் ஒரே அளவு ஏறியிருக்கவில்லை. ஷட்ஜமும் பஞ்சமமும் கூடவே நிற்க, நாலு கட்டைக்குரிய அந்தர காந்தாரம் மட்டும் அவற்றைவிட 14 பங்கு தணிந்திருந்தது, காகலி நிஷாதம் 12 பங்கு. இது தேய்மானம் இல்லை. ஷட்ஜத்தோடு அலையில்லாமல் இழையும் காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட அந்த அளவுதான் தணிந்திருக்கும். யாரோ ஒரு பழைய கைகாரர் இந்தப் பெட்டியை நாலு கட்டைக்காகவே காது வைத்துச் சுரண்டியிருக்கிறார். 440க்கு நேராக்கியிருந்தால் அவர் வேலையும் அன்றே செத்திருக்கும். ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது, சுரம் கட்டையில் கட்டிப் போட்டது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளி வைத்தது. முப்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. நாடக மேடை ஒரு நாளும் அதைத் தள்ளவில்லை, ஏன் என்பதற்கு அந்தக் காந்தாரம் ஒரு பதில்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. இதே மாதிரி முயல்கிறவர்களுக்காகச் செய்ததை எழுதிவிடுகிறோம். மென்பொருளின் அடிப்படைச் சுருதியை 446க்கு மாற்றினோம். அதற்கு மேல் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் மட்டும் தனியாக 14, 12 பங்கு இறக்கினோம். சுருதி திருத்தியை முழுக்க எடுத்துவிட்டோம். பெட்டியின் 37 கட்டையையும் மெதுவாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை என்று 74 ஒலியாகப் பதிந்தோம். ஆல்பத்தில் நீங்கள் கேட்கப்போகும் பெரிய சிந்தசைசர் ஒலி எல்லாம் வடிகட்டி போட்டு நீட்டிய அந்தப் பெட்டிதான். லூப் போடும்போது, அதாவது ஒரு ஒலித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும்போது, கவனம் வேண்டும்: ஒரே கட்டையின் இரண்டு ரீடும் தங்களுக்குள்ளேயே மெல்ல அலையும். நொடிக்கு இரண்டு அலை என்றால் லூப் அரை நொடி, ஒரு நொடி என்று முழு அலையில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் விக்கும்.

டிரம் மெஷினின் கிக்கையும் (கனத்த அடியொலி) சுருதிக்குக் கொண்டுவந்தோம். 1980இல் ரோலண்ட் வெளியிட்ட 808 என்ற டிரம் மெஷின் வழி வந்த நீண்ட கிக் அது, அடியில் ஒரு சுரமே இருக்கும். அதை 44 ஹெர்ட்ஸில் வைத்தால் மேல் ஷட்ஜத்துக்கு மூன்று ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜம். ஆனால் செல்போன் ஸ்பீக்கரில் 44 கேட்கவே கேட்காது. லேசாகச் சிதைத்து 88, 133 ஹெர்ட்ஸ் என்று மேலே மேலே மேல்சுரங்களை எழுப்பினால் அவற்றில் உயர்ந்தவை கேட்கும். 177இல் அம்மாவின் நடு ஷட்ஜம் இருக்கிறது. அந்த இடத்தில் கிக்கை 3 டெசிபல் வெட்டாவிட்டால் பல்லவியில் குரல் குழம்பும்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் தறியை நிறுத்தி வைத்த தெருக்காரர்கள். பதினான்கு பஞ்சு மெத்தையைச் சுவரில் தொங்கவிட இரவல் தந்த கடை. வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்தும் குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றாமல் இருந்த தெருவில், அவற்றை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டிய மைக் செட் தம்பிகள். கரண்ட் போனபோது இன்வெர்ட்டர் இணைப்பை ஜன்னல் வழியாக நீட்டிய பக்கத்து வீட்டு அக்கா. வசனத்தில் இரண்டு சொல் தப்பாக இருக்கிறது என்று பஸ் ஏறி வந்து திருத்திய கூத்து வாத்தியார். முகவீணை என்ற ஊதுகுழலை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மறுநாள் தீமிதிக்கு ஓடிய அண்ணன். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அவர் குரலைப் பதிய அவரே கற்றுக்கொடுத்ததை மட்டும் எழுதுகிறோம், இது மற்ற மேடைக் குரல்களுக்கும் பொருந்தும். கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்திலிருந்து மேடைப் பாட்டு கடைசி வரிசைக்காகப் பாடப்படுவது. உச்சத்தில் வாயிலிருந்து வரும் வேகத்தில், நுட்பமான ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கில் ஒலி சிதறிவிடலாம். டைனமிக் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, உரத்த இடம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்தால் போதும். உச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது மேடைப் பழக்கம், அதைத் தடுக்கக்கூடாது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்த அதுவே நல்ல கம்ப்ரெஸ்ஸர். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 1024இல் வைத்துப் பாட வைத்தால் தன் குரல் குறைந்தது 21 மில்லி செகண்ட் தாமதமாகத் திரும்பும். "கெணத்துல எட்டிப் பாத்துப் பாடறாப்பல கீது" என்றார். 128க்கு இறக்கியதும் சரியானது. மெட்ரோனோம் டக் டக் என்பது அவருக்கு ஆகாது, ஜால்ராவைப் பதிந்து அதன் இடத்தில் வைத்தோம். விருத்தத்துக்கு அதுவும் கிடையாது. பெட்டியின் சுருதியை மட்டும் ஓடவிட்டுப் பாட வைத்து, அவர் மூச்சு விட்ட இடங்களைப் பார்த்துப் பிறகு பீட்டை இறக்கினோம்.

ஒப்பாரியில் வோகோடர் (குரலின் உச்சரிப்பைச் சிந்தசைசர் ஒலியில் ஏற்றும் கருவி) போடச் சொன்னது அவர்தான். மெஷின் அழுதால் எப்படி இருக்கும் என்று கேட்டார். குரலை 16 அதிர்வெண் பட்டையாகப் பிரித்தபோது சொல் எல்லாம் கரைந்தது. 32 ஆக்கி, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் அவருடைய சொந்தக் குரலையே கலந்த பிறகு ச, ற, ட எல்லாம் திரும்ப வந்தன. பழைய பாட்டுக்கு டிரம் போட்டு ரீமிக்ஸ் என்று விற்பதை அவர் கடைசி வரை ஒப்பவில்லை. எட்டுமே புதுப் பாட்டு.

பெட்டிக்காரப் பெரியவர் போகும்போது ஒன்று மட்டும் கேட்டார்: பெட்டியைச் சும்மா போடக்கூடாது. மிதிக்காத துருத்தியில் தோல் விறைக்கும், ரீடில் பச்சை பிடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் யாராவது கால் மணி நேரம் மிதிப்பது என்று முறை போட்டிருக்கிறோம். பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு ரசிகர் மெல்லிய ஆட்டுத்தோல் இரண்டு முழம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டைகளின் அடிப்பட்டைக்கு அது போதுமா, இன்னும் கொஞ்சம் சீவ வேண்டுமா என்று பெரியவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரைப் பார்க்கிறவர்கள் சொல்லி அனுப்புங்கள்.