புத்தகம் வாங்கும் முன் இதைப் படி

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். யுபிஎஸ்சி தேர்வுக்கு எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பது என்று போனில் கேட்டாய். புத்தகத்தைப் பிறகு வாங்கலாம் கண்ணா. முதலில் இந்தத் தேர்வு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்தத் தாளுக்கு என்ன வேலை, மார்க் எங்கே இருக்கிறது என்பது உனக்குப் பிடிபட வேண்டும். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் மூன்று கட்டங்களும் மூன்று வேறு திறமைகளைக் கேட்கின்றன. மூன்றுக்கும் ஒரே மாதிரி படிப்பவர்கள் நன்றாகப் படித்தும் தவறிப் போகிறார்கள். அது உனக்கு நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டுத் தேர்வையே எடுத்துக்கொள். விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வு, அதாவது பிரிலிம்ஸ் எழுத வந்தவர்கள் 5,83,213. அதில் தேறி முதன்மைத் தேர்வான மெயின்ஸ் போனவர்கள் 14,627. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845. கடைசியில் பட்டியலில் இடம்பிடித்தவர்கள் 1,009. பத்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மலைக்காதே. நாலு லட்சம் பேர் தேர்வுக்கூடத்துக்கே வரவில்லை. நீ கவனிக்க வேண்டியது வேறு. பிரிலிம்ஸில் எவ்வளவு அதிகமாக வாங்கினாலும் அந்த மார்க் மெயின்ஸில் சேராது. தேறுவதற்கான எல்லை மார்க்கை, அதாவது கட்-ஆஃபைத் தொட்டுத் தப்பியவனும் முதலாவதாக வந்தவனும் மெயின்ஸில் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பிரிலிம்ஸ் ஒரே நாளில் இரண்டு தாள். காலையில் பொது அறிவுத் தாள்: 100 கேள்வி, 200 மார்க், இரண்டு மணி நேரம். ஒரு கேள்விக்கு 72 நொடி. சரியான விடைக்கு 2, தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.66 கழியும். விடைத்தாளில் நிரப்பாமல் விட்ட வட்டம் உன்னை ஒன்றும் செய்யாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டத்தை நிரப்பினால், அதில் ஒன்று சரியாக இருந்தாலும் தவறு என்றே எடுப்பார்கள். கருப்பு பால்பாயிண்ட் பேனாவில் நிரப்புவதால் அழிக்கவும் வழியில்லை.

இந்த நெகட்டிவ் மார்க்கைப் பலர் பயத்தோடு பார்க்கிறார்கள், சிலர் அலட்சியமாக. இரண்டுமே நஷ்டம். கணக்கு எளிது. ஒன்றுமே தெரியாத நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் சராசரியாக ஒன்று சரியாகும், 2 மார்க் வரும். மூன்று தவறாகும், அந்த 2 மார்க்கும் போய்விடும். கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் மூன்று கேள்விக்குச் சராசரியாக 0.67 மிஞ்சும். இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால் இரண்டே கேள்விக்கு 1.33. ஆகவே ஒரு விடையையும் தள்ள முடியாத கேள்வியைத் தொடாதே. இரண்டைத் தள்ளிவிட்ட கேள்வியை விடாதே. ஒன்றை மட்டும் தள்ளிய கேள்விகளில், தள்ளியது நிச்சயம்தானா என்று ஒரு தடவை கேட்டுக்கொள். சந்தேகத்தோடு தள்ளியது தள்ளியதாகாது.

50 சரி, 40 தவறு என்றால் 73.33. அதே 50 சரி, 25 தவறு என்றால் 83.33. பொதுப் பிரிவு கட்-ஆஃப் 2023இல் 75.41ஆக இருந்தது, 2022இல் 88.22. தெரிந்தது அதே அளவுதான்; 15 வட்டங்களை வெறுமனே விட்டதில் பத்து மார்க் கூடியிருக்கிறது, பார். நீ டிஎன்பிஎஸ்சி தேர்வுகள் எழுதிப் பழகியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே தவறான விடைக்குக் கழிவு கிடையாது, தெரியாவிட்டால் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். அந்தக் கைப்பழக்கம் இங்கே வந்தால் ஆபத்து.

2023இல் கட்-ஆஃப் அவ்வளவு கீழே இறங்கியதற்குக் கேள்வி அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. "மேற்கண்டவற்றில் எத்தனை சரி? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், ஏதுமில்லை" என்ற வகைக் கேள்விகள் அந்தத் தாளில் நிறைய வந்தன. இதில் ஒரு கூற்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு விடைகளைத் தள்ளும் வித்தை சரியாக நடக்காது. மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாக நூறு தலைப்பு படிப்பதைவிட முழுசாக அறுபது படிப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

மதியம் சிசாட் என்ற திறனறித் தாள். 80 கேள்வி, ஒவ்வொன்றும் 2.5 மார்க், அதுவும் 200தான். இதில் 33 சதவீதம், அதாவது 66 வாங்கினால் போதும்; கட்-ஆஃபுக்குக் காலைத் தாள் மட்டுமே. வாங்காவிட்டால் காலைத் தாளில் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. "தேறினால் போதும்தானே" என்று கடைசி வாரம் வரை தொடாமல் விடுகிறார்களே, அவர்களுக்காக ஒரு கணக்கு: 30 சரி, 10 தவறு என்றால் 66.67, தப்பித்தாய். இன்னும் ஒரே ஒரு தவறு கூடினால் 65.83, அந்த வருடம் போயிற்று. நீ கணக்கில் தேறியவன், ஆனால் இங்கே ஆங்கிலத்திலோ இந்தியிலோ உள்ள பத்திகளைப் படித்து விடை சொல்ல வேண்டும்; தமிழில் கேள்வித்தாள் கிடையாது. வாரத்துக்கு ஒரு பழைய சிசாட் தாளை நேரம் வைத்து எழுதிப் பார். மூன்று முறை தொடர்ந்து 90ஐத் தாண்டினால் அப்புறம் மாதம் ஒன்று போதும்.

பழைய நோட்ஸ் யாராவது கொடுத்தால் வருடத்தைப் பார்த்து வாங்கு. சிசாட் வந்ததே 2011இல்; 2014 வரை அந்த மார்க்கும் கட்-ஆஃபில் சேர்ந்தது. 2015இலிருந்துதான் தகுதித் தாள் ஆனது. மெயின்ஸ் இப்போதுள்ள வடிவத்துக்கு 2013இல் மாறியது. அதற்கு முந்தைய ஆலோசனைகள் வேறொரு தேர்வுக்கானவை என்றே வைத்துக்கொள்.

இனி மெயின்ஸ். உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. ஒன்பது தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், ஐந்து நாட்கள். கட்டுரை 250, பொது அறிவு நான்கு தாள் 1000, விருப்பப் பாடம் இரண்டு தாள் 500. ஆக 1750. இதோடு நேர்முகத் தேர்வின் 275 சேர்ந்து 2025. இந்த 2025இல் நீ எடுப்பதுதான் உன் இடத்தைத் தீர்மானிக்கும். 2024இல் முதலிடம் வந்தவர் எடுத்தது 1043, பாதிக்குச் சற்று மேல். எனவே எந்தத் தாளிலும் எண்பது சதவீதத்தை எதிர்பார்த்து ஏங்காதே. எல்லாத் தாளிலும் சரியாமல் நிற்பவனுக்குத்தான் இந்தக் கட்டமைப்பு இடம் கொடுக்கிறது.

மீதி இரண்டு தாள்கள் இந்திய மொழியும் ஆங்கிலமும். தலா 300 மார்க், தலா 25 சதவீதம், 75 எடுத்தால் போதும். எடுக்காவிட்டால் மற்ற ஏழு தாள்களின் மார்க்கும் கணக்கில் வராது. தமிழ்த் தாளில் கட்டுரை 100, பத்தி படித்து விடை 60, சுருக்கி வரைதல் 60, மொழிபெயர்ப்பு இரு திசையிலும் 20 வீதம், இலக்கணம் 40. தமிழ்தானே என்று எழுதிப் பார்க்காமல் போகாதே. பல வருடமாகக் கையால் தமிழ் எழுதாதவர்களுக்கு ஒற்றுப்பிழையைவிடப் பெரிய எதிரி வேகம்.

பொது அறிவுத் தாள்களில் முதல் மூன்றில் தலா 20 கேள்விகள். பத்து கேள்விக்கு 10 மார்க், 150 சொல். பத்துக்கு 15 மார்க், 250 சொல். எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும், விட்டுவிடும் சலுகை இல்லை. மூன்று மணி நேரத்தில் 4000 சொல். சின்னதற்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம் என்று வைத்தால் சரியாக 180 நிமிடம் தீர்ந்துவிடும். யோசிக்கத் தனி நேரமே கிடையாது. முதல் ஐந்து கேள்விக்கு அழகாக எழுதிவிட்டு, கடைசி நாலைத் தொடாமல் வருவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. முன்னால் அழகுபடுத்தியதில் கூடுவது அரை மார்க், ஒரு மார்க். பின்னால் விட்டதில் போவது அறுபது மார்க்கில் கிடைத்திருக்கக்கூடிய இருபது.

நான்காவது தாள் நெறிமுறை. 130 மார்க் கருத்துக் கேள்விகள், 120 மார்க்குக்கு ஆறு நிகழ்வுக் கேள்விகள் (கேஸ் ஸ்டடி), ஒவ்வொன்றும் 20. நிகழ்வுக் கேள்விகளை நீளமாகப் படித்து நேரத்தை இழப்பவர்கள் உண்டு. முதலில் கேள்வியைப் படி, பிறகு நிகழ்வைப் படி. கட்டுரைத் தாளில் இரண்டு பகுதிகளிலிருந்து ஒவ்வொன்று, தலா 125. இரண்டாவது கட்டுரைக்குச் சரிபாதி நேரத்தை ஒதுக்கி வை.

விருப்பப் பாடத்தில் எட்டில் ஐந்து கேள்வி. முதலாவதும் ஐந்தாவதும் கட்டாயம், மீதி மூன்றில் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் குறைந்தது ஒன்று. கட்டாயக் கேள்விகள் பாடம் முழுவதையும் துழாவிக் கேட்கும். அதனால் பாதி சிலபஸோடு நிறுத்த முடியாது. பட்டம் வாங்கிய பாடத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. தமிழ் இலக்கியத்தை எடுக்க ஆசை என்றாய். எடு, ஆனால் ஒரு மாதம் பழைய கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய். ரசித்துப் படிப்பது வேறு, 50 மார்க் கேள்வியை உடைத்து எழுதுவது வேறு.

மற்ற தாள்களையும் தமிழிலேயே எழுதலாம். அப்படியானால் ஒன்றைத் தெரிந்துகொள்: கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும், விடை தமிழில். கலைச்சொல்லுக்கு மட்டும் அடைப்புக்குறியில் ஆங்கிலம் தரலாம். அதைத் தாண்டி வாக்கியங்களைக் கலந்தால் மார்க் குறையும். விண்ணப்பத்தில் குறித்த மொழியைப் பிறகு மாற்ற முடியாது. தமிழில் எழுதுவதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் நீ தினமும் வாசிப்பது ஆங்கிலத்தில் என்றால், 11 நிமிடத்துக்குள் மொழிமாற்றமும் நடக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்.

நேர்முகத் தேர்வைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அதில் தேர்ச்சிக்கென்று குறைந்தபட்ச மார்க் இல்லை. நீ விரிவான விண்ணப்பத்தில் எழுதிய ஊர், படிப்பு, வேலை, பொழுதுபோக்கு இவற்றிலிருந்து கேள்விகள் கிளம்பும். செய்யாததை எழுதாதே, அது போதும்.

கடைசியாகக் காகித வேலை. பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை ஆறு முயற்சி. ஓபிசிக்கு 35 வரை ஒன்பது. வயது ஆகஸ்ட் 1ஐ வைத்து. விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் முயற்சி குறையாது. பிரிலிம்ஸில் ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலே ஒன்று குறையும். ஆகவே "அனுபவத்துக்கு ஒரு தடவை" என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் மாநிலப் பட்டியலில் பிசி, எம்பிசி என்று இருப்பது மட்டும் இங்கே போதாது. மத்திய ஓபிசி பட்டியலில் சமூகம் இருக்க வேண்டும், வசதி படைத்தோர் பிரிவான கிரீமி லேயரில் வரக்கூடாது, சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். அப்பா நாளை தாலுகா அலுவலகத்தில் அதை விசாரிக்கப் போகிறார்.

பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் ஏற்பார்கள். உன்னுடையது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். அதில் உள்ள பெயரும் உன் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியல் முதற்கொண்டு ஒன்றுதானா என்று இன்றே பார்த்துச் சொல் கண்ணா.

அன்புடன்,
அம்மா